மர வளையமும் பழைய மழையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு தேக்குத் துண்டு என்னிடம் இருக்கிறது. மரவாடியில் கேட்டு வாங்கியது. பள்ளிக்கூடங்களுக்கும் நூலகக் கூட்டங்களுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போய், மர வளையங்களை வைத்து அந்தக் காலத்து மழையையும் வெயிலையும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பேசுவது வழக்கம். பேசி முடித்ததும் வரும் கேள்விகள் எந்த ஊரிலும் ஏறக்குறைய இவைதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

மரத்துல வளையம் எப்படி சார் வருது? வருஷத்துக்கு ஒண்ணுதானா?

பச்சை மரத்தில் பட்டையை உரித்தால் அடியில் வழவழவென்று ஈரமாக ஓர் இடம் கையில் படும். பாடப்புத்தகத்தில் கேம்பியம் என்று படித்திருப்பீர்கள். மரம் பருப்பது அங்கேதான். உள்பக்கம் கட்டையும் வெளிப்பக்கம் பட்டையுமாக அது போட்டுக்கொண்டே போகும். அதனால் புது வளையம் எப்போதும் பட்டையை ஒட்டியே இருக்கும். நடுவில் இருப்பது மரம் கன்றாக இருந்தபோது போட்டது.

பருவம் தொடங்கியதும் போடும் கட்டையில் துளைகள் பெரிதாக இருக்கும். முடியும் நேரத்தில் போடுவது நெருக்கமாக இருக்கும். அப்புறம் மரம் ஓய்ந்துவிடும். அடுத்த பருவத்தில் மறுபடியும் பெரிய துளைகள். தேக்கில் இந்தத் துளை வரிசை, ஊசியால் குத்திவைத்த மாதிரி வெறும் கண்ணுக்கே தெரியும். ஓய்வு வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் வளையமும் வருஷத்துக்கு ஒன்று. இந்த ‘வந்தால்’ முக்கியம்.

எங்க வீட்டு மாமரத்த வெட்டினோம். வளையமே சரியாத் தெரியலையே?

தெரியாதுதான். குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்து மரத்தை நிறுத்தி வைக்கும். நம் பக்கம் அப்படி நிறுத்த ஆள் இல்லை. மாமரம் வருஷம் முழுக்க இலையோடு நிற்கும். ஒரு கிளை துளிர்க்கும்போது இன்னொரு கிளை சும்மா இருக்கும். கட்டையில் தெளிவான எல்லை விழுவதில்லை. விழுந்திருக்கும் மங்கலான கோடுகளும் வருஷத்துக்கு ஒன்று என்று நம்ப முடியாது.

தேக்கு அப்படியில்லை. வறண்ட மாதங்களில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும், மழை வந்ததும் எழும். வெப்பமண்டல மரத்தில் இந்த வேலை நடக்காது என்று பலர் நினைத்திருந்த காலத்திலேயே, 1931ல், பெர்லாகே என்ற டச்சுக்காரர் ஜாவாத் தேக்கை வைத்து 1514 முதல் 1929 வரை ஒரு வளையத் தொடரை வெளியிட்டுவிட்டார்.

பனைக்கும் தென்னைக்கும்?

இல்லை. அவற்றில் கேம்பியமே கிடையாது. பனையின் குறுக்குவெட்டில் நார்க் கற்றைகள் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடக்கும். வெளி ஓரம்தான் இரும்பு மாதிரி, நடுவில் சோறு. தொல்காப்பியம் வெளியே காழ், அதாவது கெட்டியான பகுதி, உள்ளதைப் புல் என்றும் உள்ளே காழ் உள்ளதை மரம் என்றும் பிரித்தது. அந்தக் கணக்கில் பனை புல் இனம். வளையம் தேடுபவருக்கும் அது புல்தான். தென்னந்தண்டின் மேல் தெரியும் வளையங்கள் மட்டை விழுந்த தழும்புகள். அவற்றை எண்ணி மரத்தின் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம், மழையைச் சொல்ல முடியாது.

இதுக்காக மரத்தை வெட்டணுமா? பாவமா இருக்கே.

வெட்ட வேண்டாம். உள்ளே குழல் போல ஓட்டையுள்ள ஒரு கைத்துளைப்பான் இருக்கிறது. மரத்தில் வைத்துத் திருகினால் பென்சிலைவிட மெல்லிய, சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சி ஒன்று வெளியே வரும். பட்டையிலிருந்து நடுப்பகுதி வரை எல்லா வளையமும் அந்தக் குச்சியில் வரிசையாக இருக்கும். பெரும்பாலான மரங்கள் அந்தத் துளையைத் தாமே மூடிக்கொள்ளும்.

வெட்டிய கதையும் உண்டு. 1964ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், வீலர் மலையில் நின்ற ஒரு பிரிசில்கோன் பைன் மரத்தை, ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வனத்துறையின் அனுமதியோடே வெட்டினார். வெட்டிய பிறகு எண்ணினால் 4,800க்கும் மேல் வளையங்கள். அதுவரை மனிதர் எண்ணிப் பார்த்ததில் அவ்வளவு வயதான மரம் வேறு இல்லை. இந்தத் துறைக்காரர்கள் இன்றும் சங்கடத்தோடு சொல்லும் கதை இது.

எண்ணிட்டா வேலை முடிஞ்சுது. இதுல என்ன பெரிய ஆராய்ச்சி?

எல்லாரும் சறுக்கும் இடம் இது. கடுமையான வறட்சியில் சில மரங்கள் அந்த வருஷம் வளையமே போடாது, அல்லது ஒரு பக்கம் மட்டும் போடும். நடுவில் மழை நின்று மறுபடி பெய்தால் ஒரே வருஷத்தில் இரண்டு போட்ட மாதிரியும் தெரியும். நூறு வளையம் எண்ணினால் நூறு வருஷம் என்று சத்தியம் செய்ய முடியாது. என்னுடைய தேக்குத் துண்டையே ஒரு பக்கமாக எண்ணினால் 61, எதிர்ப்பக்கம் 59.

வீட்டுப் பெரியவர்கள் வருஷக் கணக்குச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். “புயலடிச்ச வருஷம் கல்யாணம், அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு மூத்தவன்” என்று ஒருவர் தொடங்குவார். “இல்லக்கா, நடுவுல ஏரி உடைஞ்ச வருஷத்த விட்டுட்டே” என்று இன்னொருவர் திருத்துவார். நாலு பேர் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். மரத்திலும் இதேதான். ஒரு வட்டாரத்தில் இருபது முப்பது மரங்களை எடுத்து, அகலம், குறுகல், மிகக் குறுகல் என்று ஓடும் வரிசையை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார்கள். ஒரு மரம் விட்டதை மற்ற மரங்கள் காட்டிக்கொடுக்கும். இந்தப் பொருத்தம் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு வளையத்துக்கும் ஆண்டு எழுதுவார்கள். எண்ணுவதைப் பள்ளிப் பிள்ளைகூடச் செய்யும். துறையின் உயிர் பொருத்திப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

இதற்கு வழிபோட்டவர் டக்ளஸ் என்ற அமெரிக்க வானியலாளர். சூரியப்புள்ளிகளின் சுழற்சி மரத்தில் தெரிகிறதா என்று பார்க்கப் போனவர், மரத்திலேயே தங்கிவிட்டார். 1937ல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் தொடங்கினார்.

ஒரு மரம் ஆயிரம் வருஷம் இருக்கும், ஒத்துக்கறேன். பன்னிரண்டாயிரம் வருஷத் தொடர்னு சொல்றாங்களே, அது ஏது?

சங்கிலி மாதிரி கோப்பதுதான். இன்று நிற்கும் மரத்தின் தொடக்க கால வளையங்கள், பழைய வீட்டு உத்தரத்தின் கடைசிக் கால வளையங்களோடு பொருந்தும். உத்தரத்தின் தொடக்கம், அதற்கும் முன்னால் ஆற்று மணலில் புதைந்த மரத்தின் முடிவோடு பொருந்தும். இப்படிப் பின்னாலேயே போய், ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தில் ஓக், பைன் மரங்களை வைத்து 12,460 ஆண்டுகளுக்கு இடைவெளி இல்லாத தொடரைக் கோத்திருக்கிறார்கள்.

இடையில் ஒரு கண்ணி கிடைக்காவிட்டால் பழைய பகுதி அந்தரத்தில் தொங்கும். டக்ளஸுக்கும் அப்படித்தான் ஆனது. அமெரிக்கத் தென்மேற்கின் பழங்குடிக் கற்கட்டடங்களில் எடுத்த உத்தரங்கள் தங்களுக்குள் அழகாகப் பொருந்தின, ஆனால் இன்றைய மரங்களோடு ஒட்டவில்லை. 1929 ஜூனில் அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் பாதி கருகிய ஒரு கட்டை கிடைத்தது. எச்.எச்-39 என்று எண் போட்டார்கள். அதன் வளையங்கள் இரண்டு பக்கமும் பொருந்தின. அதுவரை வயது தெரியாமல் கிடந்த பாழூர்களுக்கெல்லாம் ஒரே நாளில் ஆண்டு கிடைத்துவிட்டது. 1276 முதல் 1299 வரை அங்கே நீடித்த பெரும் வறட்சியும் அந்தத் தொடரில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அகலமா இருந்தா நல்ல மழை, குறுகலா இருந்தா பஞ்சம். சரியா?

சில இடங்களில் சரி. மரத்துக்கு எது பற்றாக்குறையோ அதைத்தான் மரம் எழுதும். வறண்ட மலைச்சரிவில் நிற்கும் மரத்துக்குத் தண்ணீர்தான் குறை, அது மழையை எழுதும். வட துருவத்தை ஒட்டிய காட்டில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, சூடுதான் குறை. அங்கே அகல வளையம் என்றால் நல்ல கோடை. வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் மரத்துக்கு மழை பெய்தாலும் ஒன்றுதான், பெய்யாவிட்டாலும் ஒன்றுதான். அதன் வளையங்கள் எல்லாம் ஒரே அகலத்தில் ஓடும், ஆராய்ச்சிக்கு உதவாது. அதனால்தான் செழித்த மரங்களை விட்டுவிட்டு, பாறை இடுக்கில் கஷ்டப்பட்டு நிற்பவற்றைத் தேடிப் போகிறார்கள்.

அகலம் மட்டும்தான் என்றும் இல்லை. பருவக் கடைசியில் போடும் கட்டையின் அடர்த்தியை எக்ஸ்ரே எடுத்து அளந்தால் கோடையின் வெப்பம் தெரியும். செல்லுலோசில் உள்ள ஆக்சிஜனின் கன வகைக்கும் இலேசான வகைக்கும் உள்ள விகிதத்தை வைத்து மழையைச் சொல்லலாம். வளையம் மங்கலாக இருக்கும் வெப்பமண்டல மரங்களில் இந்த இரண்டாவது வழிக்கு மவுசு கூடியிருக்கிறது.

வயசாக ஆக மரமே மெதுவாத்தானே வளரும்? அதையும் வறட்சின்னு எழுதிட மாட்டாங்களா?

கேட்டவர் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண். சரியான கேள்வி. மரம் பருக்கப் பருக்க, அதே அளவு கட்டையைப் பெரிய சுற்றளவில் பரப்ப வேண்டும், அதனால் வளையம் மெலியும். அந்த வயது இறக்கத்தைக் கணக்கில் ஒரு வளைகோடாகப் போட்டு அதைக் கழித்துவிடுவார்கள்.

கழிப்பதில் ஒரு நஷ்டம் உண்டு. முந்நூறு வருஷம் வாழ்ந்த மரத்தின் மெதுவான இறக்கத்தைக் கழித்தால், ஐந்நூறு வருஷமாக மெல்ல மாறிய காலநிலையும் அதோடு போய்விடும். வருஷத்துக்கு வருஷம் வரும் ஏற்றத்தாழ்வு தெளிவாக மிஞ்சும். நீண்ட கால மாற்றம் மங்கும். இதைச் சரிக்கட்ட வேறு கணக்கு முறைகள் இருக்கின்றன. ஆனால் பல வயது மரங்கள் நிறைய வேண்டும்.

மில்லிமீட்டர் அளவு மழையா எப்படி மாறுது?

மழைமானி வைத்த காலத்தை வைத்துத்தான். இந்திய வானிலைத் துறை 1875ல் தொடங்கியது. அளந்த மழை இருக்கும் வருஷங்களில் ஒரு பாதியை எடுத்து, இவ்வளவு அகலத்துக்கு இவ்வளவு மழை என்று ஒரு தொடர்பு கட்டுவார்கள். மற்றப் பாதியை மூடி வைத்துக்கொண்டு, வளையத்தை மட்டும் பார்த்து அந்த வருஷங்களின் மழையைச் சொல்லச் சொல்வார்கள். ஓரளவு சரியாக வந்தால்தான் மழைமானிக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்குப் போக அனுமதி. முழுசாகச் சரியாக ஒருபோதும் வராது. நல்ல ஆய்வுக் கட்டுரையில் கோட்டைச் சுற்றி அகலமாகச் சாம்பல் நிறப் பட்டை ஒன்று இருக்கும். அதுதான் பிழையின் அளவு. பத்திரிகைகளில் வரும்போது அந்தப் பட்டையை எடுத்துவிடுகிறார்கள் என்பது என் தீராத வருத்தம்.

இதனால யாருக்கு என்ன லாபம்?

கொலராடோ நதிக் கதையைச் சொல்கிறேன். காவிரிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 1922ல் அமெரிக்காவின் ஏழு மாநிலங்கள் அந்த ஆற்றுத் தண்ணீரைப் பிரித்துக்கொண்டன. மேல்பகுதிக்கு ஏழரை, கீழ்ப்பகுதிக்கு ஏழரை, ஆக வருஷத்துக்கு 15 மில்லியன் ஏக்கர் அடி. நம் கணக்கில் சுமார் 650 டி.எம்.சி. 1944ல் மெக்சிகோவுக்கும் ஒன்றரை மில்லியன் தருவதாக ஒப்பந்தம் வந்தது. அத்தனையும் அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் அளந்த நீரை நம்பிப் போட்ட கணக்கு.

1976ல் ஸ்டாக்டன், ஜேக்கபி என்ற இருவர் அந்தப் படுகையின் மரங்களை வைத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலான நீரோட்டத்தைக் கணித்தார்கள். நீண்ட காலச் சராசரி சுமார் 13.5 மில்லியன்தான் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் அந்த நானூறு ஆண்டுகளிலேயே ஈரம் மிகுந்த காலங்களில் ஒன்று. அதாவது, ஆற்றில் இல்லாத தண்ணீரைக் காகிதத்தில் பிரித்திருக்கிறார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

நம்ம பக்கம் ஏதாவது செஞ்சிருக்காங்களா?

உண்டு. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத் தேக்குகளை வைத்து 1481 முதல் 2003 வரை, 523 ஆண்டுத் தொடரை 2010ல் வெளியிட்டார்கள். குறுகல் வளையங்கள் பருவமழை தவறிய ஆண்டுகளோடும், பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ ஆண்டுகளோடும் சேர்ந்து வந்தன. இமயமலையில் தேவதாரு, ஜூனிப்பர் மரங்களை வைத்து இன்னும் நீளமான தொடர்கள் இருக்கின்றன. லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம் அங்கே நிறைய வேலை செய்திருக்கிறது.

அதே 2010ல் எட்வர்ட் குக் குழுவினர் ஆசியா முழுவதிலும் இருந்து 327 தொடர்களைச் சேர்த்து, 1300 முதல் 2005 வரை வருஷத்துக்கு ஒரு வறட்சி வரைபடம் போட்டார்கள். அதில் துலங்கித் தெரியும் வறட்சிகளில் ஒன்று 1876–78. நம் தாத்தா பாட்டிகள் வாயில் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று வந்தது அதுதான்.

அப்ப பஞ்சத்துக்கு மழை இல்லாததுதான் காரணம்னு மரமே சொல்லிடுச்சு!

மரம் சொன்னது மண்ணில் ஈரம் இல்லை என்பதை மட்டும். தாது வருஷத்தில் சென்னை மாகாணத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. வைஸ்ராய் லிட்டனின் அரசு சந்தையில் தலையிட மறுத்தது. அது எந்த வளையத்திலும் இருக்காது. வறட்சிக்கு மரம் சாட்சி. பஞ்சத்துக்கு ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

கம்போடியாவின் பழைய அங்கோர் நகரமும் இப்படித்தான். வியட்நாம் மலை மரங்களின் வளையங்கள், 14ஆம் நூற்றாண்டிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வறட்சிகளும் நடுவே கொட்டித் தீர்த்த மழையும் வந்ததைக் காட்டின. ஆய்வாளர்கள் அதை நகரத்தின் வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்று எழுதினார்கள். செய்தித் தலைப்புகளில் அதுவே ஒரே காரணம் ஆகிவிட்டது.

சென்னை மழையையும் கேரளத் தேக்குல படிச்சிடலாமா?

படிக்கக் கூடாது. கேரளத் தேக்கு எழுதுவது தென்மேற்குப் பருவமழையை. குக் குழுவின் வரைபடங்களும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். நம் கடற்கரைப் பக்கம் பெரும்பாலான மழை ஐப்பசி, கார்த்திகையில். இரண்டும் ஒத்துப்போக வேண்டியதில்லை. பல சமயம் எதிரெதிராகவே போகும். 2015 வலுவான எல் நினோ ஆண்டு. தென்மேற்குப் பருவமழை நாடு முழுக்கக் குறைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை மூழ்கியது. பற்றாக்குறை பற்றிச் சொன்னதை இங்கே மறுபடி பாருங்கள்: எந்த மாதத்துத் தண்ணீருக்காக அந்த மரம் காத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

மழை வெயில் தவிர வேற என்ன தெரியும்?

எரிமலை வெடித்துச் சூரியன் மங்கிய 536ஆம் ஆண்டின் குளிர், காட்டுத்தீயின் கருகல் தழும்பு என்று நிறைய. எனக்குப் பிடித்தது நிலநடுக்கக் கதை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் சீடர் மரங்கள் கூட்டமாகச் செத்து நின்றன. நிலம் தாழ்ந்து கடல்நீர் ஏறியதால் செத்தவை. வெளிப்பக்கம் மழையில் அரித்துப்போனதால் தண்டில் கடைசி வளையம் இல்லை. மண்ணைத் தோண்டி, பட்டை இன்னும் ஒட்டியிருந்த வேர்களை எடுத்தார்கள். கடைசி வளையம் 1699. அதாவது 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் நடுவில் செத்திருக்கின்றன. ஜப்பானில் 1700 ஜனவரி இறுதியில், நில அதிர்ச்சி எதுவும் இல்லாமல் ஒரு சுனாமி வந்ததாகப் பழைய குறிப்புகள் இருந்தன. அலை பசிபிக்கைக் கடக்கும் நேரத்தைக் கழித்ததில் 1700 ஜனவரி 26 இரவு என்று வந்தது.

கார்பன் டேட்டிங் இருக்கே, அப்புறம் எதுக்கு இது?

கார்பன் முறைக்கே அளவுகோல் மர வளையம்தான். காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. ஆண்டு தெரிந்த வளையங்களை எடுத்து அளந்துதான் திருத்த அட்டவணை போடுகிறார்கள்.

இரண்டும் சேர்ந்தால் ஆச்சரியம் நடக்கும். 2012ல் ஃபூசா மியாகே என்ற ஜப்பானிய ஆய்வாளர், யாகு தீவின் சீடர் மரத்தில் 775ஆம் ஆண்டு வளையத்தில் கார்பன்-14 திடீரென்று எகிறியிருப்பதைக் கண்டார். 993லும் அப்படி ஒன்று உண்டு. கனடாவில் வைக்கிங்குகள் தங்கிய லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில், உலோகக் கத்தியால் வெட்டிய மரத்துண்டுகளில் அந்த 993 எகிறலைத் தேடிப் பிடித்தார்கள். அங்கிருந்து பட்டை வரை 28 வளையங்கள். ஆக, மரம் வெட்டிய ஆண்டு 1021. இங்கே பொருத்திப் பார்க்க வேறு மரமே தேவைப்படவில்லை.

1960க்கு அப்புறம் மரம் பொய் சொல்லுதாமே? அதை மறைச்சிட்டாங்கன்னு வாட்ஸாப்ல வந்துச்சு.

பாதி உண்மை. வடக்கே சில காடுகளில், சுமார் 1960க்குப் பிறகு வெப்பமானி ஏறும் அளவுக்கு வளையமோ அடர்த்தியோ ஏறவில்லை. எல்லாக் காட்டிலும் இல்லை, சிலவற்றில். இதை முதலில் எழுதியவர்களே மர வளைய ஆய்வாளர்கள்தான். ஆய்விதழ்களில் வெளிப்படையாக இருக்கிறது. 2009ல் களவுபோன, காலநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்களில் இருந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அது மர்மக்கதை ஆனது. ஒரு வரைபடத்தில் அந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விட்டது தவறுதான், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் கேள்வி கனமானது. சூடு ஏறியபின் சில மரங்களுக்குக் குறை சூட்டில் இல்லை, தண்ணீரில் என்று ஆகியிருக்கலாம். அப்படியென்றால் பழைய காலத்தில் கடும் சூடு இருந்த ஆண்டுகளையும் அந்த வகை மரங்கள் குறைத்து எழுதியிருக்கக்கூடும். இன்று உலகம் சூடாவதற்கு ஆதாரம் வெப்பமானிகளே. அதற்கு மரம் தேவையில்லை.

எங்க வீடு செட்டிநாட்டு வீடு. தூணும் கதவும் தேக்கு. வயசு பார்க்கலாமா?

ஆசையான கேள்வி, சிக்கலான பதில். செட்டிநாட்டு வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பர்மாத் தேக்கு. பொருத்திப் பார்க்கக் கேரளத் தொடர் உதவாது. மியான்மர் தொடர் வேண்டும். அங்கேயும் தேக்கு வளையத் தொடர்கள் எடுத்திருக்கிறார்கள், ஆனால் உங்கள் மரம் எந்த மலையிலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துத் தொடர் இருக்க வேண்டும்.

பொருந்தினாலும் இன்னொரு தடை. நல்ல ஆசாரி ஓரத்து வெளிர்க் கட்டையைச் செதுக்கித் தள்ளிவிட்டு வைரம் பாய்ந்த பகுதியை மட்டும்தான் கதவுக்கு எடுத்திருப்பார். கடைசி வளையங்கள் போய்விட்டன. மிஞ்சியதில் கடைசி வளையம் 1840 என்று வந்தால், மரம் 1840க்குப் பிறகு எப்போதோ வெட்டப்பட்டது என்று மட்டும்தான் சொல்லலாம். அப்புறம் ஆற்றில் மிதந்து, கப்பலேறி, வாடியில் கிடந்த காலம் வேறு. கதவைத் தொடவே வேண்டாம். மாடிக்குப் போய், ஓட்டுக்கு அடியில் மூலையில் சொருகிய உத்தரங்களைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று செதுக்காமல் விட்டிருந்தால், ஓர் ஓரத்தில் பட்டைத் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.